பின்வாசல் வழியாகப் பார்த்த ஊர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது பேனா. எப்போதும் நீல மையில், எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடிப்பொடியாக எழுதுவாய். இது கறுப்பு. அட்டைப்பெட்டியின் மேல் விலாசம் எழுதுகிற தடிப் பேனா. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வந்திருக்கிறது. அதட்டுவதற்காகவே அப்படி எழுதியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்த கடிதம். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. மார்ச்சில் இந்த ஊரில் சுற்றுலா மாநாடு, அதுவும் நான் வேலை செய்கிற ஓட்டலிலேயே. உன் கம்பெனி உன்னை அனுப்புகிறது. வருவதற்கு முன்னால் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ பார்த்து எழுது. கட்டளை மட்டும்தான் இருந்தது.

பதில் எழுதப்போவதில்லை என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "கோவத்தக் காட்டணும்னா எழுதிக் காட்டுடி. எழுதாமலே இருந்தா நீ கோவமா இருக்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

கோபமாக இருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று, "வாயத் திறந்து நாலு வரி படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் படிப்பு? போய்த் துணி துவை" என்று சொன்னாய். அதைத்தான் செய்கிறேன். ஓட்டல் லாண்டரியில் பெரியம்மாவும் நானும் பெட்ஷீட் மடிக்கிறோம். ஆளுக்கு இரண்டு மூலை. மடித்ததை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி லிஃப்ட் வரை கொண்டுபோவேன். அந்த வண்டியின் முன்சக்கரம் உயிர் போகிற மாதிரி கத்தும். விருந்தினர்கள் காதில் விழக்கூடாது என்று அந்த வண்டியையும் என்னையும் முன்பக்கம் விடமாட்டார்கள். யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். மணிக்கூண்டு இருக்கிறது. ஆறு இருக்கிறது, கரை அழகாக இருக்கும். போதுமா?

இப்படிக்கு,
உன் தங்கை
(பூச்சி என்று எழுத மனம் வரவில்லை.)


ஜனவரி 16

பூச்சிக்கு,

போதாது.

கரை அழகாக இருக்கும் என்பதை மாநாட்டுக்காரர்களே வழவழப்பான தாளில் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். 'உங்களை வரவேற்கும் நகரை அறிந்துகொள்ளுங்கள்' என்று தலைப்பு. உள்ளே இருக்கிற படம் எல்லாம் வானத்திலிருந்து எடுத்தது. நான் என்ன காக்கையா? நடந்து பிழைக்கிறவள். எனக்குத் தரை வேண்டும்.

ஓட்டலில் இருந்து ஆற்றங்கரை வரை நடந்து பார். நடைபாதை எங்கே உயர்கிறது, எங்கே இறங்குகிறது? எந்த இடத்தில் சாக்கடை மூடி பெயர்ந்து கிடக்கிறது? எந்த மூலையில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துகிறார்கள்? இருட்டின பிறகு எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை? தலையை நிமிர்த்தி எதையும் பார்க்க வேண்டாம். நீதான் பிறந்ததிலிருந்தே குனிந்து நடக்கிறவள் ஆயிற்றே. அது இப்போதாவது உதவட்டும்.

ஏன் இவ்வளவு என்று கேட்பாய். முதலாளியும் மாநாட்டுக்கு வருகிறார். வழிகாட்டிகளில் ஒரு ஆளைக் குறைக்கப்போகிறார். மிச்சம் இருப்பது நானும் கிளியும். கிளி என்றால் பறவை இல்லை, மீசை வைத்த ஆள். முதலாளி "வெயில் ஜாஸ்தி" என்றால் "ஜாஸ்திதான் சார்" என்பான். அந்தக் கடைசி வார்த்தையை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டான். கம்பெனியின் விருந்தினர்களை ஓட்டலுக்குள் கூட்டி வருவதும், மறுநாள் மாலை ஆற்றங்கரைக்கு நடத்திப் போவதும் என் பொறுப்பு. அதில் தடுமாறினால் வேலை போய்விடும். இந்த ஒரு தொழிலைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் இருக்கிற ஒரே போன் முதலாளி மேசையில் இருக்கிறது. போன் பண்ணாதே. பண்ணினாலும் நீ "ம்" தவிர எதுவும் சொல்லப்போவதில்லை. என் அறை விலாசத்துக்கு எழுது. பெரியம்மாவிடம் எதையும் சொல்லாதே.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

விடுமுறை நாளில் நடந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடக்கிற பெண்ணை இந்த ஊரில் சும்மா விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

பூட்டு ரிப்பேர் கடைக்காரர் எழுந்து வந்து, "என்னம்மா தொலைச்சிட்டே?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கம்மல்" என்று வந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டார். பக்கத்துத் தையல்கடை அம்மா துடைப்பத்தோடு வந்தாள். "சாக்கடைப் பக்கம் பாத்தியா? இங்கதான் மூடி ஒடஞ்சிருக்கு. போன மாசம் ஒருத்தர் கால விட்டுட்டார்" என்று அவளே காட்டினாள். இல்லாத கம்மலை மூன்று பேரும் ஆற்றங்கரை வரை தேடினோம். கடைசியில் அந்த அம்மா என் காதைப் பார்த்து, "ரெண்டு காதுலயும் இருக்கேடி!" என்று கத்தினாள். "வேற ஜோடி" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. இப்போது அந்தப் பக்கம் போனாலே "கெடச்சுதா?" என்று கேட்கிறாள்.

நீ கேட்டது இதோ. ஓட்டல் கேட்டைத் தாண்டினால் தெரு கீழ்நோக்கிச் சரிகிறது. பூட்டுக்கடை வரை நடைபாதை சமமாக இருக்கிறது. தையல்கடை வாசலில் உடைந்த மூடி. அங்கே தெருவுக்கு இறங்கிவிடுவது நல்லது. மணிக்கூண்டைச் சுற்றிக் கருங்கல் பாவியிருக்கிறார்கள், மழை பெய்தால் வழுக்கும். அதன் பிறகு ஆறு. கரையில் கைப்பிடிச் சுவர் உண்டு. படகுத்துறைப் பக்கம் மட்டும் சுவர் இடிந்து, இன்னும் கட்டாமல் கிடக்கிறது. அங்கே விளக்கும் எரியவில்லை.

இனி நான் கேட்கிறேன்.

உன் கேள்வி முழுவதும் கால் வைக்கிற இடத்தையும் வெளிச்சத்தையும் பற்றியதாக இருக்கிறது. எந்தக் கடை நல்ல கடை, எது பழைய கட்டடம் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. பேனா வேறு தடித்துவிட்டது. நாம் சண்டை போட்ட அன்று, திறந்திருந்த அலமாரிக் கதவில் போய் மோதிக்கொண்டாய். கோபத்தில் மோதினாய் என்று நினைத்தேன். அதற்கு முன் டம்ளரை எறிந்தாய். நான் உன் இடது பக்கம் நின்றிருந்தேன். என் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனாய். டம்ளர் பட்டதை மறந்துவிட்டேன் அக்கா. நீ பார்க்காமல் போனதைத்தான் மறக்க முடியவில்லை.

உனக்குக் கண் சரியாகத் தெரிகிறதா?

தங்கை


பிப்ரவரி 3

பூச்சி,

மூன்று நாள் உன் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். கடிதமா பேசப்போகிறது? இருந்தாலும் பூட்டினேன்.

ஒரு காகிதத்தைக் குழல் மாதிரிச் சுருட்டி, அதன் வழியாகப் பார். எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. எனக்கு அப்படித்தான். நல்ல வெளிச்சம் இருந்தால் படிக்கிறேன், எழுதுகிறேன், ஆள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன். இருட்டினால் அந்தக் குழலுக்குள்ளும் சாம்பல்தான். வருஷா வருஷம் குழல் ஒடுங்கிக்கொண்டே போகிறது. டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார்.

நீ கேட்ட அந்த நாளும் அப்படித்தான். சுவரைப் பார்த்து எறிந்தேன். நீ அங்கே நிற்பது எனக்குத் தெரியாது. ரத்தம் வந்தது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதச் சொல்லாதே.

யாருக்கும் தெரியாது. இதுவரை எப்படிச் சமாளித்தேன் என்றால், போகிற ஊரை எல்லாம் முதலிலேயே போய்க் காலால் மனப்பாடம் செய்துவிடுவேன். எங்கள் ஊர்க் கோட்டையை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்காட்ட முடியும். பாதி நாள் அப்படித்தான் காட்டுகிறேன். விருந்தினர்கள் கைதட்டுகிறார்கள். உன் ஊருக்கு முன்கூட்டி வர லீவு கேட்டேன். "எதுக்கு? ஓட்டல்லதானே தங்கப்போறீங்க?" என்றார் முதலாளி. கிளி, "ஓட்டல்லதான் சார்" என்றான்.

ஆகவே உன் கால்தான் எனக்குக் கால். தெரு போதும், நன்றாக எழுதியிருக்கிறாய். கம்மல் கதையைப் படித்து அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இப்போது ஓட்டலின் உட்புறத்தை எழுது. பஸ்ஸில் இருந்து இறங்கி எல்லார் முன்னாலும் நான்தான் முதலில் உள்ளே போகவேண்டும். ரிசப்ஷன் மேசை எங்கே, மண்டபத்துக்கு வழி எங்கே, நடுவில் என்ன இருக்கிறது?

நீ இதை வேறு யாரிடமாவது சொன்னால் எனக்குத் தங்கை இல்லை.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? பெரியம்மாவிடம் பேசினால் அவளே பாதியைப் பேசிவிடுவாள்.

காகிதத்தைச் சுருட்டிப் பார்த்துக்கொண்டு லாண்டரிக்குள் நடந்தேன். சோப்புப் பெட்டியில் இடித்துக்கொண்டேன். பெரியம்மா, "என்னடி கூத்து இது?" என்றாள். அதன் பிறகு அழுகை வந்தது. ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

முன்கூடத்தை எழுதுகிறேன். எங்களுக்கு அங்கே கால் வைக்க அனுமதி இல்லை. ஆனால் நடைவழிக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. ஹவுஸ்கீப்பிங் மேடம் சாப்பிடப் போனதும் அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன்.

உள்ளே வந்தால் நீளமான கூடம். தரை முழுவதும் பழுப்புக் கம்பளம். வெளிச்சம் மங்கல்தான். மஞ்சள் பல்பு, அதுவும் உயரத்தில். நடுவில் ஒரு தடித்த தூண். அதற்கு நேராக இடது கைப் பக்கம் ரிசப்ஷன் மேசை. வலது கைப் பக்கம் மண்டபத்துக்கு இறங்குகிற படிகள். அந்தப் படிகளைப் பற்றி நன்றாகக் கேட்டுக்கொள். தரை அப்படியே பள்ளமாக இறங்குகிறது. படிமேலும் அதே பழுப்புக் கம்பளம், அதனால் விளிம்பு தெரியாது. கைப்பிடி ஓரத்தில் ஒன்றுதான். கண் நன்றாகத் தெரிகிறவர்களே அங்கே தடுக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தூணைத் தொட்டதும் இடது பக்கம் ஒட்டியே போ, மேசை வந்துவிடும். மேசைக்காரர்களிடம் பேசிக்கொண்டே நில். மற்றவர்கள் படி இறங்கும்போது யார் பின்னாலாவது கைப்பிடியைப் பிடித்து இறங்கிவிடலாம்.

எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நீ வழியை மனப்பாடம் செய்துவிடுவாய். உனக்குப் பின்னால் வருகிறவர்கள் உன்னைப் பார்த்துத்தானே காலை வைப்பார்கள்? அந்த இடிந்த சுவர்ப் பக்கம் இருட்டில் யாராவது ஒதுங்கினால் உனக்குத் தெரியுமா? முதலாளியிடமே சொல்லிவிட்டால் என்ன? கோபப்படாதே. கேட்கத் தோன்றியது.

பூச்சி


பிப்ரவரி 20

பூச்சிக்கு,

கோபப்படுகிறேன். சொல்லிவிட்டால் என்ன என்று மடித்த பெட்ஷீட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். கண் தெரியாத வழிகாட்டி என்று என் நெற்றியில் எழுதி ஒட்டிய பிறகு யார் என் பின்னால் வருவார்கள்? இதுவரை என் கூட்டத்தில் ஒருவர்கூட விழுந்ததில்லை. எல்லாரும் பார்க்கிற இடத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அந்த வித்தியாசம்தான்.

உன் கூடம் இப்போது என் அறைக்குள் இருக்கிறது. கட்டில் காலைத் தூணாக வைத்திருக்கிறேன். இடது பக்கம் மேசைக்கு ஒரு ஸ்டூல். வலது பக்கம் படிகளுக்கு ஒரு போர்வையை விரித்திருக்கிறேன், அதை மிதித்தால் நான் செத்தேன் என்று அர்த்தம். விளக்கை அணைத்துவிட்டு தினமும் நடக்கிறேன். போர்வையை மிதித்துப் பல நாள் ஆகிறது.

கிளிக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்கிறது. போன வாரம் நான் போகிற வழியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். முழங்கால் இடித்தது. இடித்த வேகத்தில் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எனக்காகப் போட்டியாப்பா? ரொம்ப நன்றி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

நேற்று முதலாளி, "ஓட்டல் வாசலுக்கு அவங்க ஆளையே வரச்சொல்லிடலாமா? உள்ளே கூட்டிட்டுப் போக?" என்று கேட்டார். "எதுக்கு சார்? அந்த ஓட்டல் எனக்கு என் சமையலறை மாதிரி. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வழக்கமாகக் கிளி "சமையலறை மாதிரிதான் சார்" என்றிருக்க வேண்டும். பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாத முடிவில் விருந்தினர்களோடு கிளம்புகிறேன். வழியில் இரண்டு மூன்று ஊர் பார்த்துவிட்டு ஐந்தாம் தேதி மாலை அங்கே வருவோம். முதலாளியும் கிளியும் கடைசி ஊரில் வந்து சேர்ந்துகொள்வார்கள். இனி நீ எழுதினால் எனக்குக் கிடைக்காது. அன்று நீ முன்பக்கம் வராதே. யார் அந்தப் பெண் என்று அவன் கேட்பான். லாண்டரியிலேயே இரு. எல்லாம் முடிந்த பிறகு நான் தேடி வருகிறேன்.

உன் புருவத்தில் தழும்பு இருக்கிறதா?

அக்கா


மார்ச் 1

அக்கா,

நான் உனக்குத் தப்பாக எழுதிவிட்டேன்.

இன்று காலை எங்கள் சந்தில் குழாய் உடைந்து பள்ளம் தோண்டிவிட்டார்கள். பின்வாசலுக்கு வர வழி இல்லை. விருந்தினர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் இன்று ஒரு நாள் மட்டும் முன்வாசல் வழியாக வரலாம் என்று மேடம் சொல்லி அனுப்பினார். இங்கே சேர்ந்து இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். தூண் வந்தது. நீ எப்படி நடப்பாய் என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு தூணைத் தொட்டேன். இடது பக்கம் திரும்பினேன். பெரியம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "எங்கடி போறே, படி!" என்று கத்தினாள்.

எல்லாம் எதிர்ப்பக்கமாக இருக்கிறது. முன்வாசலில் இருந்து வந்தால் இடது பக்கம் படி, வலது பக்கம் மேசை. நான் பார்த்த வட்டக் கண்ணாடி முன்வாசலுக்கு எதிரே, கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. 'உள்ளே வந்தால்' என்று எழுதினேனே, எனக்கு உள்ளே வருவது என்றால் பின்வாசல் வழியாக வருவதுதான். வேறு பக்கமிருந்து யாராவது வருவார்கள் என்று எழுதும்போது தோன்றவே இல்லை. நீயும் கேட்கவில்லை.

நீ மேசை என்று நினைத்துத் திரும்புகிற இடத்தில் தரையே இல்லை.

தெருமுனைக் கடையில் இருந்து உன் அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு ஆண் குரல். "அவங்க கெளம்பிட்டாங்களே. நான் நாளைக்குப் போய்ச் சேர்ந்துக்குவேன், ஏதாவது சொல்லணுமா? நீங்க யாரு?" என்று கேட்டது. கிளியாகத்தான் இருக்கவேண்டும். என்ன சொல்வது? எனக்குக் குரல் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கேட்டான். வைத்துவிட்டேன்.

நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தின் மேல் உன் பெயரை எழுதி, வந்ததும் கொடுக்கச் சொல்லி, ரிசப்ஷன் மேசையில் சேர்க்கப்போகிறேன். இதைப் படிக்க வேண்டுமானால் முதலில் நீ அந்த மேசைக்கு வந்து சேர வேண்டும்.

முன்பக்கம் வராதே என்று சொல்லியிருக்கிறாய்.

பூச்சி


மார்ச் 6, காலை

பூச்சி,

இதை ஒரு தலையணை உறைக்குள் வைத்து அழுக்குத் துணிப் பையில் போடுகிறேன். உன் கையில்தான் கிடைக்கும் என்று நம்புகிறேன். உன் தலைக்கு மேல் நான்கு மாடி தள்ளி இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன் பார்.

உன் கடிதம் மேசையில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கம் எப்படி இருந்தது என்று தெரியாது, கேள்.

பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் எனக்கு எல்லாம் சாம்பல். பின்னால் அத்தனை பேர், அவர்களுக்குப் பின்னால் முதலாளி, எனக்குப் பக்கத்தில் கிளி. "இருட்டா இருக்கே, பாத்துப் போங்க" என்றான். அக்கறை இல்லை அது, தூண்டில். நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். தூண் கைக்கு வந்தது. மனசுக்குள் உன் வரியைச் சொல்லிக்கொண்டேன், இடது பக்கம் ஒட்டியே போ. காலைத் தூக்கினேன்.

அப்போது என் இடது பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. எதையோ அறுக்கிற மாதிரி. யாரோ ஒரு அம்மாள் "ஐயோ" என்று காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு புரிந்தது. இது அந்த வண்டி. உயிர் போகிற மாதிரி கத்தும் என்று நீ எழுதின வண்டி. அதை முன்பக்கம் விடமாட்டார்கள். விடாத வண்டி இங்கே ஏன் வரும்? மேசை இருக்கிற இடத்தில் வண்டி எப்படி நிற்கும்? தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தேன். சத்தம் எனக்கு முன்னால் குறுக்கே நகர்ந்து வலது பக்கம் போயிற்று. அதன் பின்னாலேயே போனேன். மேசை வந்தது. "பாத்தீங்களா சார், சமையலறை மாதிரிதான்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

உன் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையாக ஒரு அடுக்கும் ஒரு பின்னலும் மட்டும் தெரிந்தது.

இப்போது விஷயம். இன்று மாலை ஆற்றங்கரை நடை. தெரு யாருக்கும் பொது, உன்னை யாரும் தடுக்க முடியாது. ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொள். எனக்கு முன்னால், யாரோ ஒரு பெண் வீட்டுக்குப் போகிற மாதிரி, அதைக் குலுக்கிக்கொண்டே நட. படகுத்துறைப் பக்கம் வந்ததும் சத்தமாகக் குலுக்கு. இந்த ஒரு மாலை முடிந்துவிட்டால் வேலை எனக்குத்தான். நேற்று மாதிரியே.

செய்வாய்தானே?

அக்கா


மார்ச் 6, மத்தியானம்

அக்கா,

செய்யமாட்டேன்.

நேற்று வண்டியோடு படி விளிம்பில் குறுக்கே நின்றபோது நான் உன்னை மட்டும் பார்க்கவில்லை. உனக்கு ஒட்டினாற்போல் கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். நீ நின்றபோது அவரும் நின்றார். நீ விழுந்திருந்தால் உன்மேல் அவர் விழுந்திருப்பார். யாரும் விழுந்ததில்லை என்று எழுதினாய். நேற்று விழ இருந்தார்கள். அது உன் தப்பு இல்லை, நான் எழுதின தப்பு. இன்னொரு தடவை என் தப்பின்மேல் அத்தனை பேரை நடக்கவிட எனக்குத் தைரியம் இல்லை. அங்கே சுவரும் இல்லை, ஆறுதான் இருக்கிறது.

மேடம் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "யாரக் கேட்டு அந்தச் சனியனை முன்னாடி தள்ளிட்டு வந்தே? வாயத் திறந்து சொல்லேன்!" என்றார். சொல்லவில்லை. இன்னொரு தடவை முன்பக்கம் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லி, வண்டியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் அழுததைப் பெரியம்மா பார்த்தாள்.

முதலாளியிடம் நீயே சொல். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. வேலை போனாலும் போகலாம், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கிளிக்குக் கோட்டையைப் பற்றி உன்னைப் போல ஒரு கதை சொல்ல வருமா? வராது என்று உனக்கே தெரியும். நீ பேசு, கூட ஒரு ஆள் நடக்கட்டும் என்று கேட்டுப் பார். கேட்காமலே ஏன் இல்லை என்கிறாய்? இல்லை என்று சொன்னால் இங்கே வா. பெட்ஷீட் மடிக்கக் கண் தேவையில்லை, மூலை கைக்கே தெரியும். பெரியம்மா வாய்க்குத்தான் தனியாகப் பழகவேண்டும்.

மாலைக்குள் சொல்லிவிடு. நீ சொல்லவில்லை என்றால், கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் நான் சொல்வேன். எல்லார் முன்னாலும். வகுப்பில் எழுந்து நின்று நாலு வரி படிக்க முடியாதவள் என்று நீ சிரிக்கலாம். நேற்று எனக்குக் குரல் வரவில்லை, அதனால் வண்டி கத்தியது. இன்று வண்டி இல்லை.

யாரிடமாவது சொன்னால் எனக்குத் தங்கை இல்லை என்று எழுதியிருந்தாய். அதையும் யோசித்துவிட்டேன்.

நீ கேட்டாயே, தழும்பு இருக்கிறது. சின்னதுதான்.

இதை உன் துண்டுகளுக்கு நடுவில் வைத்து பெரியம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். முன்வாசலில், நீ வெளியே வரும்போது உன் இடது கை வரும் பக்கமாக நிற்கிறேன்.

பூச்சி